பூக்கூடையும் ஆய்வேடும்

கேள்வி: சமூக அறிவியல் ஆராய்ச்சிக்கு அரசு ஏன் செலவு செய்ய வேண்டும்? அதனால் மல்லிகை விலை ஏறுமா?
– ஒரு வாசகர், நிலக்கோட்டை

பதில்: மல்லிகை விலையை ஏற்றுவது முகூர்த்த நாள். ஏறிய விலை விவசாயிக்கு எவ்வளவு, தரகருக்கு எவ்வளவு, பூப்பறித்த பெண்ணுக்கு எவ்வளவு என்று கேட்பது சமூக அறிவியல். அந்தக் கேள்விக்குச் சந்தையில் யாரும் காசு கொடுக்க மாட்டார்கள்; அதனால்தான் அரசு கொடுக்கிறது.

இந்தியாவில் சமூக அறிவியலுக்கான ஆராய்ச்சிக் கழகம் 1969இல் உருவானது. மால்கம் ஆதிசேஷையா 1971இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், 1977இல் அந்தக் கழகத்தின் நிதியுதவி பெறும் தேசிய நிறுவனமானது.

இத்தகைய ஆய்வு என்ன தரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் மாணவர்களைக் கொண்டு கிராமங்களைக் கணக்கெடுத்தார். அவற்றுள் ஒன்றான இருவேல்பட்டுக்கு 1930களிலும் 1981இலும் 2008இலும் ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள். கல்யாணத் தரகர்கூட ஒரே வாசலை இத்தனை முறை மிதிக்கமாட்டார். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கூலி எப்படி மாறியது என்பதற்குச் சுமார் நூறாண்டுக் கணக்கு அதில் கிடைத்தது. மூன்றாண்டில் லாபம் கேட்கும் முதலாளியிடம் இது நடக்காது.

பணக்கார ஐரோப்பாவிலும் இந்தத் துறைக்குப் பந்தியின் கடைசி வரிசைதான். ஐரோப்பிய ஒன்றியம் தன் 2021-27 ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஒதுக்கியது சுமார் 9,550 கோடி யூரோ. அதில் பண்பாடு, சமூகம் என்ற தனிப்பிரிவுக்குக் கிடைத்தது சுமார் 230 கோடி.