வெளியே கம்பெனி, உள்ளே கச்சேரி

காரில் சவுண்டு பிரமாதமாக இருக்கணும். டேஷ்போர்டு மட்டும் ஷோரூமில் எடுத்தபடியே இருக்கணும். நடக்குமா?
(வாசகர், திருப்பூர்)

நடக்கும். மாற்றியது உங்களுக்கும் பில்லுக்கும் மட்டுமே தெரியும்!

முகப்பில் இருக்கும் ஸ்டீரியோவைத் தொடவே வேண்டாம். ஸ்பீக்கருக்குப் போகும் வயரிலிருந்தே சிக்னல் எடுத்துக்கொள்ளும் ஆம்ப்ளிஃபையர்கள் கிடைக்கின்றன. அதில் ஒல்லியாக ஒன்றைப் பார்த்து சீட்டுக்கு அடியில் படுக்கப் போடுங்கள். அளவு பொருந்தினால் புது ஸ்பீக்கர் பழைய ஜாலிக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொள்ளும். கஞ்சத்தனம் கூடாத இடம் ஒன்று உண்டு: ஆம்ப்ளிஃபையருக்கு வரும் மெயின் வயரில், பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ். அது இல்லாமல் வயர் எங்கேயாவது உரசினால், காப்பாற்ற லுக்கும் இருக்காது, காரும் இருக்காது.

விலை உயர்ந்த ஸ்பீக்கர் போட்டும் பேஸ் வைத்தால் கதவு கடகடவென்று ஆடுகிறதே?
(வாசகி, நாகர்கோவில்)

பாட்டு பிடித்திருக்கிறது போல!

கதவின் உள்தகரத்தில் பியூட்டைல் ஷீட் ஒட்டச் சொல்லுங்கள். அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துவிடப் போகிறார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

காருக்கு ஆடியோ என்று மகன் பணத்தைக் கொட்டுகிறான். காலம் கெட்டுவிட்டதா?
(வாசகர், கும்பகோணம்)

1932-லேயே கெட்டாச்சு. ஐரோப்பாவின் முதல் கார் ரேடியோ அந்த ஆண்டுதான் ஜெர்மனியில் பிளாபங்க்ட் பெயரில் வந்தது. விலை, காரின் விலையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு! பெட்டி பெரிசு, டேஷ்போர்டில் அடங்காமல், ஸ்டீரிங் தண்டில் ரிமோட் மாட்டி இயக்கினார்கள்.

அது சரி, கொட்டுவது யார் பணம்?