கரகரப்பு ரசிகர்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குத் தினமும் வேலைக்குப் போய்வருகிற கூட்டத்தில் இவர் ஒருத்தர் கட்டாயம் இருப்பார். ஜன்னலோர சீட், காதை முழுக்க மூடும் ஹெட்போன். பக்கத்தில் உட்காருகிறவர் சந்திரகிரி வருவதற்குள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து இசை வரலாற்றில் பரீட்சை எழுதலாம்.

"பிரிஸ்டல் குழு மாசிவ் அட்டாக் சார், 'ப்ளூ லைன்ஸ்', 1991. ட்ரிப்-ஹாப்புக்கு இதுதான் பிள்ளையார் சுழி" என்று ஹெட்போனைக் கழற்றி நம் தலையில் மாட்டுவார். அரை நிமிஷம் போகும். சட்டென்று ஒரு பக்கத்தைத் தூக்கி, "பேஸ் கேக்குதா?" என்பார். கேட்டது, அவர் தூக்குகிற வரைக்கும்.

ஒருநாள் டிரைவர் 'தளபதி' பாட்டைப் போட்டுவிட்டார். இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. லண்டன் தமிழ்ப்பெண் எம்.ஐ.ஏ. 2007இல் தன் அம்மா பெயரிலேயே 'கலா' என்று ஆல்பம் போட்டதையும், அதன் முதல் பாட்டில் இதே படத்தின் 'காட்டுக்குயிலு' துணுக்கு வருவதையும் கண்டக்டருக்கு விளக்கினார். கண்டக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டிக்கெட் தீஸ்கோண்டி சார்" என்றார்.

வீட்டில் இன்னும் கஷ்டம். இவருடைய சி.டி.களைத் துடைக்கத் தனித் துணி உண்டு; வேறு யாரும் தொடக்கூடாது. "என் பட்டுப்புடவைக்குக்கூட இந்த மரியாதை கிடையாது" என்பது மனைவியின் நிரந்தரப் புகார். அப்பாவை மட்டும் இவரால் ஜெயிக்க முடியாது. போர்ட்டிஸ்ஹெட் குழுவின் 'டம்மி' ஆல்பம் 1994இல் வந்து, மறுவருஷம் மெர்குரி பரிசு வாங்கியது. அந்தக் குழுவினர் தாங்கள் வாசித்ததையே இசைத்தட்டாக அச்சிட்டு, கீழே போட்டு மிதித்து, அந்தக் கரகரப்போடு திரும்பப் பதிவு செய்தார்கள் என்று ஒருநாள் அப்பாவிடம் இவர் உருகி உருகிச் சொன்னார்.

பெரியவர் பேப்பரை மடித்தார். "காசு செலவு பண்ணி மிதிச்சாங்களா? நம்ம வீட்டு எம்.எஸ். சுப்ரபாதம் தட்டு தெனம் போட்டே அதைவிட நல்லா கரகரன்னுச்சேப்பா. அதைத்தானே நீ எடைக்குப் போட்டே?"

அந்தத் தட்டுக்காக இப்போது லீவு போட்டுக்கொண்டு சென்னை மூர் மார்க்கெட் போய் வருகிறார்.

இருந்தாலும் ஒரு விஷயத்தில் நான் இவர் கட்சி. 1982இல் சரண்ஜித் சிங் என்கிற பம்பாய் சினிமா வாத்தியக்காரர், டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை வாசித்து ஒரு ஆல்பம் போட்டார். ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகள்தான் மொத்த வாத்தியமும். அதில் ஒன்று டிபி-303. தனியாகப் பயிற்சி செய்யும் கிடார்க்காரருக்கு பேஸ் வாசிக்க ஆள் வேண்டாமே என்று செய்த பெட்டி. விலைபோகாமல் 1984இல் தயாரிப்பையே நிறுத்தினார்கள். ஆல்பமும் விற்கவில்லை. 1987இல் சிகாகோக்காரர்கள் அதே பெட்டியைத் திருகித் திருகி 'ஆசிட் ஹவுஸ்' என்று உலகத்தையே ஆடவைத்தார்கள். சரண்ஜித் சிங்கை உலகம் திரும்பிப் பார்த்தது 2010இல் மறுபதிப்பு வந்த பிறகுதான். இதைச் சொல்லும்போது இவருக்குக் குரல் கம்மும். சிகாகோக்காரர்கள் சித்தூரில் இறங்கி இவர் அலமாரியை உடைத்ததுபோல் கொதிப்பார். பாகாலா தாண்டியும் அடங்காது.

கொதிப்பதில் நியாயம் இருக்கிறது. அந்த ஆல்பத்தில் பூபாலி வரும், நம் மோகனம்தான். மால்கவுன்ஸ் வரும், நம் ஹிந்தோளம். அவசியம் கேளுங்கள். வீட்டில், தனியாக.