துரையைப் பெரட்டுக்குக் கூப்பிட்ட மாப்பிள்ளை

பேர் வைக்கிறப்பவே நீ தோத்துட்டே மாப்பிள்ளே. முத்துன்னு வெச்சிருக்கலாம், மணின்னு வெச்சிருக்கலாம். நீ போயி பூனைக்குத் 'துரை'ன்னு பேர் வெச்சே. தோட்டத்துல பொறந்தவன் நான், என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். பால்மரம் வெட்டுறவன் பெரட்டுக்கு, அதான் காலையில ஆள் எண்ணுற வரிசைக்கு, கூப்பிட்டு எந்தத் துரை வந்திருக்கான்? இப்ப ஜொகூர் மாசாய்ல புதுத் தாமான் வீட்டுக்குள்ள, கையில ரோத்தானோட சோபாவுக்கு அடியில குனிஞ்சு "வாடா வெளியே"ன்னு கத்திட்டு இருக்கே. துரை அங்கேயே படுத்து மீசையை நக்கிட்டு இருக்காரு. எம் பேத்தி கிழிஞ்ச சோபாவைக் காட்டி மூக்கைச் சிந்துறா. "தாத்தா, இதைத் திருத்த ஒரு வழி சொல்லுங்க"ங்கிறீங்க. சொல்றேன். யாரைத் திருத்தணும்ங்கிறதை மட்டும் எங்கிட்ட விட்டுடுங்க.

மொதல்ல ஒரு சந்தேகத்தைத் தீத்துக்க. துரைக்குக் காது கேக்குது. தோக்கியோ பல்கலைக்கழகத்துல சைத்தோ அத்சுகோன்னு ஒரு அம்மா, 2013-ல இதை ஆராஞ்சு எழுதியிருக்காங்க. அறிமுகமில்லாதவங்க குரலையும் வளக்குறவங்க குரலையும் பதிவு பண்ணி, வீட்டுப் பூனைங்க காதுல விழ வெச்சாங்க. வளக்குறவங்க குரலுக்குக் காதைத் திருப்புச்சு, தலையைத் திருப்புச்சு. எந்திரிச்சு வரத்தான் இல்லை. 2019-ல அதே அம்மா இன்னொண்ணும் கண்டாங்க, பூனைக்குத் தன் பேரும் அடையாளம் தெரியுதாம். ஆக, கூப்பிடுறது நீதான்னு தெரியுது, கூப்பிடுறது தன்னைத்தான்னும் தெரியுது. வர இஷ்டமில்லை, அவ்வளவுதான். நீ கூப்பிட்டு உன் மச்சானே வர்றதில்லை, இதுக்குப் போயி வருத்தப்படாதே.

அந்த ரோத்தானுக்கு வருவோம், கங்காணி கையில இருந்த பிரம்பு அது. 1938-ல இந்தியா, மலாயாத் தோட்டத்துக்கு ஆள் அனுப்புறதை நிறுத்துச்சு. கங்காணி ஊருக்குப் போயி ஆள் சேத்துட்டு வர்ற கதை அதோட முடிஞ்சுது. கங்காணி போயிட்டான், அவன் கைப்பழக்கம் நம்ம கையில ஒட்டிக்கிச்சு. பிள்ளை எதுத்துப் பேசுனா பிரம்பு, நாய் குரைச்சாப் பிரம்பு. பூனைக்கு எதிரே அது செல்லாது மாப்பிள்ளே. கங்காணி பாக்குறப்ப மரத்துல குனிஞ்சு நிக்கிறதும், அவன் தலை மறைஞ்சதும் வெத்தலைப் பையைப் பிரிக்கிறதும் நம்ம சனத்துக்குப் பழகுன வித்தைதானே? துரையும் அதைத்தான் செய்யிறாரு. அடிச்சாலும் சரி, தண்ணி பீச்சுனாலும் சரி, அது கத்துக்கிற பாடம் ஒண்ணே ஒண்ணு: மாப்பிள்ளை இருக்கிறப்ப மேசையில ஏறக்கூடாது. நீ மோட்டார் சைக்கிளை முறுக்கிட்டுச் சிங்கப்பூர்ப் பாலம் தாண்டுனதும் மேசையும் அதோடதுதான், மேசை மேல படுக்கையும் அதோடதுதான். அதோட உன்னைக் கண்டாலே ஒளிஞ்சுக்கும். அடி எதுக்கு விழுந்துச்சுன்னு அதுக்குப் புரியாது, யார் அடிச்சதுன்னு நல்லாப் புரியும்.

இன்னொண்ணு. 2015-ம் வருசத்து விலங்கு நலச் சட்டம்னு ஒண்ணு நம்ம மலேசியாவுல இருக்கு. கொடுமைப்படுத்துனது நிரூபணமானா 20,000 வெள்ளியிலருந்து 100,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல மூணு வருசம் வரைக்கும் செயில், இல்ல ரெண்டும் சேத்து. உன் சோபா விலை என்ன?

பயமுறுத்திப் பூனைக்குப் பாடம் சொன்ன வாத்தியார் நம்ம கதையிலயே ஒருத்தர் இருக்காரு, தெனாலிராமன். எலி ஒழியட்டும்னு ராயரு வீட்டுக்கு ஒரு பூனையும், அதுக்குப் பாலுக்காக ஒரு பசுவும் கொடுத்தாரு. ராமன் மொத நாளே கொதிக்கக் கொதிக்கப் பாலை வெச்சான். நாக்கு வெந்த பூனை அப்புறம் பால் கிண்ணத்தைக் கண்டாலே ஓடுச்சு, பாலெல்லாம் ராமன் வயித்துக்குப் போச்சு. சிரிக்காதே, அவன் ஒரு விதத்துல அதுக்கு நல்லதுதான் பண்ணியிருக்கான். வளந்த பூனை பலதுக்குப் பால் செரிக்காது, வயித்தால போகும். அதைத் துடைக்கிறது எம் பேத்தி. துரைக்குத் தண்ணி வை, போதும்.

அமெரிக்காவுல தார்ண்டைக்குன்னு ஒருத்தர், கொலம்பியா பல்கலைக்கழகத்துல 1898-ல எழுதுனது வேற வழி. பசிச்ச பூனையை மரப்பெட்டியில அடைச்சாரு. வெளியே தின்பண்டம். உள்ளே ஒரு கயிறோ நெம்புகோலோ இருக்கும், அதை இழுத்தாக் கதவு திறக்கும். பூனை மொதல்ல பிராண்டுச்சு, கடிச்சுச்சு, கத்துச்சு. ஏதோ தட்டுக்கெட்டுக் கயித்துல கால் பட்டுக் கதவு திறந்துச்சு. மறுபடி அடைச்சா இன்னும் கொஞ்சம் சீக்கிரம், அடுத்த தடவை அதைவிடச் சீக்கிரம். கடைசியில உள்ளே விட்டதும் நேரா கயித்துக்கிட்டயே போச்சு. எதைச் செஞ்சாத் தின்ன கெடைக்கும்னு பூனை ஒருக்காலும் மறக்காதுங்கிறதை ஞாபகம் வெச்சுக்க. மேசை மேல ஏறுன துரைக்கு, எம் பேத்தி "சரி, இதைத் தின்னுட்டு எறங்கு"ன்னு ஒரு துண்டு மீனைக் கிள்ளிப் போடுறா பாரு, அங்கே பள்ளிக்கூடம் நடக்குது. வாத்தியாரம்மாவுக்குத்தான் தெரியலை.

பக்கத்து வீட்டு மக்சிக் எத்தனை பூனை வெச்சிருக்காங்க, ஒரு நாளாவது கத்துனதைக் கேட்டிருக்கியா? சாயங்காலம் பின் வாசல்ல நின்னு தகர டப்பாவை ரெண்டு தட்டு. அத்தனையும் வந்து நிக்கும். டப்பாவைத் தட்டுன ஒவ்வொரு தடவையும் தீனி போடுவாங்க, தட்டிட்டு ஏமாத்த மாட்டாங்க. நீ துரைன்னு கூப்பிடுறது எதுக்கு? குளிப்பாட்டறதுக்கும் ஏசுறதுக்கும். இனிமே உப்புப் போக அலசுன நெத்திலியில ஒரு துணுக்கை வெச்சுக்கிட்டுக் கூப்பிடு. எறங்கச் சொல்லி எறங்கினா அந்த நொடியே கொடு. நீ தேத்தண்ணி குடிச்சு முடிச்சிட்டுக் கொடுத்தா, எதுக்குக் கொடுத்தேன்னு அதுக்குத் தெரியாது.

அப்புறம், திருட்டுங்கிறியே, அது என்ன திருட்டு? கெம்போங் மீனைப் பொரிச்சுத் திறந்து வெச்சுட்டுப் போனை நோண்டப் போனது யாரு? சட்டிக்கு மூடி போடு, பூனைக்கு ஒழுக்கம் தானா வந்துடும். கேசரியை வேணும்னா திறந்து வை. பூனைக்கு இனிப்பு தெரியாது, இனிப்பை உணர்ற ஜீன் அதுக்கு வேலை செய்யலைன்னு 2005-லயே கண்டுபிடிச்சுட்டாங்க. ஆனா நெய் வாசத்துக்கு வந்து நக்கிட்டா என்னைக் கேக்காதே.

சோபா. இதுல எனக்குத் துரை பக்கம்தான் ஞாயம். நகத்துல காய்ஞ்ச தோலை உரிக்கணும், முதுகை நீட்டி நெட்டி முறிக்கணும், இது என் எடம்னு வாசனை வைக்கணும். மூணுக்கும் சேத்து அது பிராண்டுது. அதை நிறுத்த முடியாது, எடத்தைத்தான் மாத்த முடியும். ஒரு கட்டை எடு. துரை பின்னங்காலை ஊனி முழுசா நீட்டுனாலும் பத்தாமப் போகாத உசரம் வேணும். கயித்தை இறுக்கிச் சுத்தி, ஆடாத மாதிரி அடியில பலகை அடி. ஆடுனா அதுக்கப்புறம் அந்தப் பக்கமே வராது. அதைக் கொண்டுபோயி பின்கட்டுல ஒளிக்காதே, கிழிஞ்ச சோபாவுக்குப் பக்கத்துலயே நட்டு வை. வேலியோரம் குப்பைமேனி மொளைச்சிருக்கு பாரு, நம்ம ஊருல பூனைவணங்கின்னும் சொல்லுவாங்க, அதோட வேரைப் பிடுங்கிக் கட்டையில தேய். துரை அதுல உருளுற உருளலைப் பாத்தா நீயே வெக்கப்படுவே. சோபாவை ஒரு முரட்டுத் துணியால மூடி வை. விருந்தாளி வந்தா எடுத்துக்க. நம்ம வீட்டுக்கு எந்த விருந்தாளி வர்றான்?

கக்கூசு விசயம் கொஞ்சம் நாறும், பொறுத்துக்க. மண்ணுல தோண்டி மூடுறது பூனைக்கு யாரும் கத்துக் கொடுக்காமலே வர்ற பழக்கம். அது மண் தட்டுக்கு வெளியே போனா, உள்ளே ஏதோ கோளாறு. நீ மண் தட்டை எங்கே வெச்சிருக்கே? சலவை மெசினுக்குப் பக்கத்துல. துரை குந்துற நேரம் பாத்து மெசின் தடதடன்னு சுத்துனா யாருக்குத்தான் வரும்? சோத்துத் தட்டுக்குத் தூரமா, சத்தமில்லாத மூலையில, அது திரும்பி நிக்கிற அளவுக்குப் பெரிய தட்டா வை. ஒரு பூனைக்கு ரெண்டு தட்டு, ரெண்டு பூனைக்கு மூணு, அதுதான் கணக்கு. தினமும் அள்ளணும், நீதான் அள்ளணும். பேத்தி முழுகாம இருக்கா, பூனைக் கழிவுலருந்து வர்ற ஒரு கிருமி வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. தள்ளிப் போடாம அன்னைக்கே அள்ளிட்டா அந்தக் கிருமி முத்தாது. அதுக்காகப் பூனையைத் துரத்தாதே, கரண்டியை நீ வாங்கிக்க.

ஒரே ஒரு விசயத்துல மட்டும் வெளையாட்டு வேண்டாம். கடுவன் பூனை தட்டுல போயிப் போயிக் குந்தி முக்கி, ஒண்ணும் வராமக் கத்துச்சுன்னா அது அடம் இல்லை, மூத்திரம் அடைச்சிருக்கு. அப்பவே டாக்டர்கிட்டத் தூக்கிட்டு ஓடணும், விடியட்டும்னு இருந்தா உசுரு போயிடும்.

அப்புறம் விடிகாலைச் சங்கதி. ஞாயித்துக்கிழமைகூட நாலு மணிக்கு மூஞ்சியைத் தட்டி எழுப்புதுங்கிறே. மத்த நாள்ல நாலு மணிக்கு எந்திரிச்சுச் சிங்கப்பூருக்குக் கிளம்புறவன் யாரு? கிளம்புறப்ப, பாவம்னு ஒரு பிடி தீனி போட்டுட்டுப் போறவன் யாரு? ஜொகூர்ல 2014-ல வார லீவை வெள்ளி, சனின்னு மாத்துனாங்க, 2025 சனவரியில மறுபடி சனி, ஞாயிறுன்னு மாத்துனாங்க. மனுசனே குழம்பிப்போனான், துரைக்கு யாரு சுற்றறிக்கை அனுப்புனா? பூனை அந்தியிலயும் விடியல்லயும் வேட்டைக்குப் போற சாதி. செம்பனைத் தோட்டத்துல எலி பிடிக்கப் பெட்டி கட்டி ஆந்தையைக் குடிவெச்சுட்டாங்க, தாமான் வீட்டுப் பூனைக்கு வேட்டையும் இல்லை, வேலையும் இல்லை. ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னே ஒரு குச்சியில இறகைக் கட்டி அதை ஓடவிடு, தாவவிடு, கடைசியில பிடிக்கவும் விடு. அது முடிஞ்சதும் வயிறாரச் சோறு போடு. வேட்டை, தீனி, நக்கல், தூக்கம், இதுதான் அதோட வரிசை. நாலு மணிக்குத் தட்டுனா எந்திரிக்காதே, ஏசாதே, கண்ணையும் தொறக்காதே. ஒரு நாள் மனசு எளகிப் போட்டேன்னா, இன்னும் கொஞ்சம் தட்டுனாக் கெடைக்கும்னு அது கத்துக்கும்.

நீ வேலை பாக்குற சிங்கப்பூரையே எடுத்துக்க. அரசாங்கம் கட்டுன வீவக அடுக்குமாடி வீட்டுல பூனை வளக்கக்கூடாதுன்னு 1989-லருந்து தடை. அப்பவும் எத்தனையோ பேர் திரை போட்டு வளத்துட்டுத்தான் இருந்தாங்க. 2024 செப்டம்பர் 1-லருந்து ஒரு வீட்டுக்கு ரெண்டு பூனைன்னு விட்டுட்டாங்க. அதுக்கு உரிமம் எடுக்கணும், உடம்புல சில்லு வைக்கணும். உரிமத்துக்கு ஆளுங்களுக்கு இலவசமா இணையத்துல ஒரு பாடமும் வெச்சிருக்காங்க. பூனையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லலை பாத்தியா? அந்த அரசாங்கம் வெவரமானது மாப்பிள்ளே.

கடைசியா, துரை சுவத்துல வாலைத் தூக்கிப் பீச்சுறதுக்கும், ராத்திரி மக்சிக் வீட்டுக் கூரையில கச்சேரி வைக்கிறதுக்கும் மருந்து ஏச்சுல இல்லை. அஞ்சு மாசம் ஆனதும் காயடிச்சிருக்கணும், நீ பாவம் பாவம்னு தள்ளிட்டே. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை, பெரும்பாலான கடுவனுக்கு அதோட அடங்கிடும். வர்ற சனிக்கிழமைக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கு. தூக்கிட்டுப் போற கூடையை இன்னைக்கே எடுத்துக் கூடத்துல திறந்து வை, உள்ளே ஒரு பழைய சட்டையும் நாலு நெத்திலியும் போடு, தானாப் போயிப் படுத்துப் பழகட்டும். சனிக்கிழமை காலையில மொத மொதல்லக் கூடையை வெளியே எடுத்தியானா, அப்புறம் மத்தியானம் வரைக்கும் கட்டிலுக்கு அடியில தேட என்னைக் கூப்பிடாதே, எனக்கு முட்டி வலிக்குது.