சாத்தான் ஓதினால் வேதம் பொய்யா?

கே: எங்கள் குடும்ப டாக்டர் கிளினிக் பின்வாசலில் நின்று சிகரெட் பிடிக்கிறார். முன்வாசல் வழியாக வந்து உட்கார்ந்ததும் என்னிடம் ‘சிகரெட் பிடிக்காதே’ என்கிறார். இவர் பேச்சை எப்படிக் கேட்பது?
– இருமல்காரன், திருச்சி

ப: காதால். நுரையீரல் யாருடைய நன்னடத்தைச் சான்றிதழையும் பார்த்துவிட்டுக் கெடுவதில்லை.

1950-ல் வெளியான ஆய்வுக்காக ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டன் ஆஸ்பத்திரிகளில் நுரையீரல் புற்றுநோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். டால் அப்போது சிகரெட் பிடிப்பவர். தார் ரோடும் கார் புகையும்தான் வில்லன் என்று நினைத்து வேலையை ஆரம்பித்தவர். கணக்கு சிகரெட்டைக் காட்டியது. மனிதர் ஊதுவதை விட்டார். 2005-ல், 92 வயதில் காலமானார். இதை உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். ஃபீஸ் வாங்க மறந்துவிடாதீர்கள்.

கே: புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர், பைப்பும் கையுமாக, ‘புகையால் புற்றுநோய் என்பது நிரூபணமாகவில்லை’ என்று வாதாடினாரே! போதாக்குறைக்குப் புகையிலை கம்பெனிகளின் ஆலோசகர் வேறு. அதனாலேயே அவர் வாதம் குப்பைதானே?
– எம்.எஸ்ஸி., கோவை

ப: குப்பைதான். ஆனால் ‘அதனாலேயே’ அல்ல.

புகையும் நோயும் ஒன்றாகத் தென்படுவதாலேயே ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாகிவிடாது, இரண்டையும் தூண்டும் ஏதோ ஒரு பரம்பரைக் கூறு இருக்கலாம் என்றார் ஃபிஷர். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் பைப்பைப் பிடுங்குவதல்ல. 1959-ல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் சகாக்களும் பென்சிலை எடுத்தார்கள். புகைப்பவர்களுக்கு ஆபத்து 9 மடங்கு என்றால், ஒளிந்திருக்கும் அந்த மர்மக் கூறும் மற்றவர்களைவிட அவர்களிடம் குறைந்தது 9 மடங்கு அதிகமாக இருக்க வேண்டும். எங்கே, காட்டுங்கள் என்றார்கள். யாராலும் காட்ட முடியவில்லை. ஃபிஷர் தோற்றது அங்கே.

கம்பெனிக் காசு வாங்கியவர் பேச்சை இரண்டு தடவை சரிபார்க்கலாம். பார்க்காமலே தூக்கி எறிந்தால் அதற்குப் பெயர் நேர்மை இல்லை, சோம்பல்.

கே: ஊதித் தள்ளிவிட்டுக் கடைசிக் காலத்தில் ‘பிடிக்காதே’ என்று ஊருக்குச் சொல்பவர்களும் வேஷதாரிகள்தானே?
– பீடா கடை பக்கத்து வீடு, மதுரை

ப: ‘தி டென் கமாண்ட்மெண்ட்ஸ்’ படத்தில் எகிப்து மன்னராக வந்து முறைத்தாரே யுல் பிரின்னர், அவர் 1985 அக்டோபரில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். 1986-ல் அமெரிக்க டி.வி.யில் தோன்றி, நான் போய்விட்டேன், நீங்கள் புகை பிடிக்காதீர்கள் என்றார். முன்பே பேட்டியில் பேசியதை விளம்பரமாகப் போட்டார்கள். ‘நீ மட்டும் யோக்கியமா?’ என்று அவரைத்தான் மடக்க வேண்டுமென்றால் தாராளமாக மடக்குங்கள். லைன் கிடைப்பது கொஞ்சம் கஷ்டம்.

கே: ‘போனைக் கீழே வை’ என்று பையனை அதட்டுகிறார் என் வீட்டுக்காரர், தன் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே. ‘நீ மட்டும் பாக்கலாமாப்பா?’ என்கிறான் அவன். யார் பக்கம் நியாயம்?
– இரண்டு போனுக்கும் ரீசார்ஜ் செய்பவள், நாகர்கோவில்

ப: சாஸ்திரப்படி பையன் அவுட். நியாய சூத்திரம் வாதத்தில் தோற்கும் இடங்களாக 22-ஐப் பட்டியல் போடுகிறது. நிக்கிரகஸ்தானம் என்று பெயர். அதில் ஒன்று ‘மதானுஞ்ஞை’. ஒருவன் ‘நீ திருடன்’ என்கிறான். மற்றவன் ‘நீயும்தான்’ என்கிறான். தன் மேல் விழுந்த பழியைத் துடைக்காமல் எதிராளி மேல் அதே பழியைப் பூசினால், தன் பழியை ஒப்புக்கொண்டதாகவே அர்த்தம் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நம் டி.வி. விவாத மேடைகளில் இதை அமல்படுத்தினால் ஒன்பது மணி நிகழ்ச்சி ஒன்பதே காலுக்கு முடிந்துவிடும்.

ஆக, உங்கள் வீட்டுக்காரர் ஜெயித்துவிட்டார். போன் இன்னும் பையன் கையில்தான் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ரீசார்ஜை நிறுத்துங்கள் அம்மா. இரண்டு கட்சியும் சமாதானத்துக்கு வரும்.

கே: சாத்தான் வேதம் ஓதலாமா?
– ஆன்மிக அன்பர், கும்பகோணம்

ப: ஓதலாம். ஸ்வரம் தப்பாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கே: ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்ததாம். இந்தப் பழமொழியை என்ன செய்வீர்கள்? பல்லியின் யோக்கியதையைப் பார்க்கத்தானே சொல்கிறது?
– மடக்கிவிட்ட மகிழ்ச்சியில், ஈரோடு

ப: மடக்கவில்லை, கை கொடுத்திருக்கிறீர்கள். பல்லி வேஷம் போட்டதாகப் பழமொழி சொல்லவே இல்லை. ‘எனக்கு வருவது தெரியும்’ என்றது. பானை வந்தது தெரியவில்லை. அங்கே இடறியது ஒழுக்கம் அல்ல, சரக்கு.

‘மாதம் 3 லட்சம் சம்பாதிக்கும் ரகசியம்’ என்று 499 ரூபாய்க்கு வகுப்பு எடுக்கிறாரே, அவரும் இந்த ஜாதி. அவர் வாழ்க்கையே அவர் காட்டும் ஒரே ஆதாரம். அதை நோண்டிப் பார்ப்பது வம்பு இல்லை, தணிக்கை. வண்டியின் தவணை பாக்கி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். சிகரெட் டாக்டர் கதை வேறு. அவர் தன் நுரையீரலை ஆதாரமாகக் காட்டவில்லை, பிறர் எடுத்த எக்ஸ்ரேக்களைக் காட்டுகிறார்.

கே: ஓட்டப் பயிற்சிக்குப் புத்தகம் எழுதியவரே ஓடும்போது செத்தார் என்று சொல்லி, என் நண்பன் வாக்கிங்கை நிறுத்திவிட்டான்.
– தனியாக நடப்பவன், தஞ்சாவூர்

ப: ஜிம் ஃபிக்ஸைச் சொல்கிறார். 1977-ல் வந்த புத்தகம், லட்சக்கணக்கில் விற்றது. 1984-ல், 52 வயதில், ஓடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. அவருடைய அப்பா இதய நோயால் 43-லேயே போய்ச் சேர்ந்தவர். ஃபிக்ஸே ஓட ஆரம்பிப்பதற்கு முன் கனத்த உடம்பும் சிகரெட்டுமாக இருந்தவர். அப்பாவைவிட 9 வருஷம் அதிகம் இருந்திருக்கிறார். நடக்காததற்கு உங்கள் நண்பர் முழங்கால் வலி என்று சொல்லட்டும்; செத்தவரை இழுக்க வேண்டாம்.

கே: பிள்ளை வளர்ப்புக்கு இலக்கணம் எழுதிய ரூசோ, தன் பிள்ளைகளை என்ன செய்தார் தெரியுமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை

ப: தெரியும் டீச்சர். ஐந்து குழந்தைகள், ஐந்தையும் பிறந்த கையோடு பாரிஸ் அனாதை விடுதிக்கு அனுப்பினார். 1762-ல் ‘எமில்’ எழுதினார். 1764-ல் வால்டேர் ஒரு துண்டுப் பிரசுரத்தில் குட்டை உடைத்தார். அதில் தன் பெயரைப் போடாமல் உடைத்தார் என்பது தனிக் கூத்து.

குழந்தையைத் துணியில் இறுக்கிச் சுற்றாதே, தாய்ப்பால் கொடு, ஓடி விளையாட விடு என்கிறது ‘எமில்’. எழுதியவர் அயோக்கியர் என்பதற்காக இறுக்கிச் சுற்றினால் மூச்சுத் திணறுவது குழந்தைக்கு. ரூசோவின் புத்தகத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு வெளியூர் போகக்கூடாது.

கே: எளிமையைப் போதிக்கும் கோடீஸ்வரர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறது.
– இ.எம்.ஐ. குடும்பஸ்தன், ஆவடி

ப: கி.பி. 58-ல் ரோமாபுரியில் சுயில்லியஸ் என்பவருக்கும், எளிமையைப் போதித்த தத்துவஞானி செனெகாவைக் கண்டு பற்றிக்கொண்டு வந்தது. எந்தத் தத்துவம் படித்து நான்கே வருஷத்தில் 30 கோடி செஸ்டர்ஸ் சேர்த்தார் இந்த செனெகா என்று கேட்டார். பிரமாதமான கேள்வி. கேட்டவர், முந்தைய பேரரசர் காலத்தில் காசு வாங்கிக்கொண்டு ஆட்கள் மேல் பழி போட்டுப் பிழைத்தவர். கடைசியில் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். செனெகாவின் சமாதானம் சுவாரசியமானது: நான் அறத்தைப் பற்றிப் பேசுகிறேன், என்னைப் பற்றி அல்ல, தீமையைத் திட்டும்போது முதலில் என்னுடையதைத்தான் திட்டுகிறேன் என்ற பாணியில் எழுதினார். கெட்டிக்காரத்தனம்தான். வட்டிக்கு விட்ட பணம் மட்டும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

கே: வெல்லம் தின்னும் பையனுக்கு அறிவுரை சொல்லச் சொல்லி அவன் அம்மா அழைத்து வந்தபோது, முதலில் தான் வெல்லத்தை விட வேண்டும் என்று காந்தி ஒரு வாரம் கழித்து வரச் சொன்னாரே! அதல்லவா பண்பு?
– சர்வோதயவாதி, திண்டுக்கல்

ப: இதே வெல்லம் ராமகிருஷ்ண பரமஹம்சர் கதையிலும் வருகிறது. யார் தின்றது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. கதை அழகு. ஆனால் அந்த ஒரு வாரமும் பையனின் பல் சொத்தையாகிக்கொண்டுதானே இருந்திருக்கும்? முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தால் அந்த அம்மாவுக்குப் போக வர வண்டிச் சத்தமாவது மிஞ்சியிருக்கும்.

கே: ‘மனிதர் அனைவரும் சமம்’ என்று 1776-ல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் அடிமைகளை வைத்திருந்தார். அந்தப் பிரகடனத்துக்கு என்ன மரியாதை?
– சட்டக் கல்லூரி, சென்னை

ப: வைத்திருந்தது கொஞ்சநஞ்சமல்ல. வாழ்நாளில் 600-க்கு மேற்பட்ட அடிமைகள் அவருக்கு; விடுதலை செய்தது விரல் விட்டு எண்ணும் அளவு. சுதந்திரத்துக்கு உரக்க ஊளையிடுபவர்கள் அடிமைகளை மேய்ப்பவர்களாக இருப்பது ஏன் என்று லண்டனிலிருந்து சாமுவேல் ஜான்சன் 1775-லேயே குத்திவிட்டார்.

இனி கதையின் ருசியான பகுதி. பிரெடரிக் டக்ளஸ் அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டர் நகரில் மேடையேறி, உங்கள் ஜூலை 4 எனக்கு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று சபையை வறுத்தெடுத்தார். ஆனால் பிரகடனத்தைக் கிழிக்கவில்லை. அதிலிருக்கும் கொள்கைகளைக் கெட்டியாகப் பிடியுங்கள் என்றார். 1848-ல் செனெகா ஃபால்ஸ் என்ற அமெரிக்க ஊரில் கூடிய பெண்களும் அதே பிரகடனத்தை அச்சாக வைத்துத் தங்கள் உரிமையை எழுதினார்கள். ‘ஜெஃபர்சன் வேஷதாரி, ஆகவே வாக்கியம் செல்லாது’ என்று தள்ளியிருந்தால் லாபம் யாருக்கு? அடிமை வைத்திருந்தவர்களுக்கு. அவர்களில் சிலர், அனைவரும் சமம் என்பதே பொய் என்று நேர்மையாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த நேர்மையை என்ன செய்ய, உப்புப் போட்டு ஊறவைக்கவா?

கே: எந்த ஊழலைக் கேட்டாலும் ‘உங்க ஆட்சியில நடக்கலையா?’ என்கிறார்களே?
– டீக்கடை நாற்காலி, சேலம்

ப: அதில் மாஸ்கோ வாத்தியார். சோவியத்தின் தொழிலாளர் முகாம்களைப் பற்றிக் கேட்டால், ‘உங்கள் ஊரில் கறுப்பர்களை அடித்துக் கொல்கிறீர்களே’ என்று பதில் வரும். கேள்விக்கு அது பதிலே இல்லை. ஆனால் சொன்னது உண்மை.

1952 டிசம்பரில் அமெரிக்க நீதித்துறை தன் நாட்டு உச்ச நீதிமன்றத்திலேயே, பள்ளிகளில் நிறம் பிரிக்கும் வழக்கில், இந்தப் பாகுபாடு கம்யூனிஸ்ட் பிரசார இயந்திரத்துக்குத் தீனியாகிறது என்று எழுதிக் கொடுத்தது. 1954-ல் அந்தப் பாகுபாடு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. காரணம் அது ஒன்றுதான் என்றால் நீதிபதிகள் கோபிப்பார்கள். இருந்தாலும், யோக்கியதை இல்லாதவன் வீசிய கல்லும் மண்டையில் படும். நம்மூரில் வசதி அதிகம்: ‘உங்க’ ஊழலையும் ‘எங்க’ ஊழலையும் ஒன்றோடொன்று கழித்து, மீதி பூஜ்யம் என்று கணக்கை மூடிவிடுகிறார்கள்.

கே: அப்படியானால் வேஷத்தால் சேதமே இல்லை என்கிறீர்களா?
– விடாக்கண்டன், வேலூர்

ப: வாதத்துக்கு இல்லை. உங்கள் நம்பிக்கைக்கு உண்டு. 2020 ஊரடங்கில் பிரிட்டிஷ் பிரதமரின் ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ், வீட்டில் கொரோனா அறிகுறி தெரிந்த நேரத்தில் லண்டனிலிருந்து டர்ஹமுக்குக் காரில் போனார். அங்கிருந்து இன்னொரு ஊருக்கு ஓட்டியது, தன் கண்பார்வை தேறிவிட்டதா என்று பார்க்கத்தான் என்றார். வைரஸ் அதற்காகப் பரவும் விதத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் விஷயம் வெளியான பிறகு இங்கிலாந்தில் அரசு மீதான நம்பிக்கை சரிந்ததை ‘லான்செட்’ இதழில் ஆய்வாகவே போட்டார்கள். அம்மாவின் சாவுக்குப் போகாமல் வீட்டில் அடங்கிக் கிடந்தவனிடம் போய் ‘வாதம் செல்லுபடியாகும்’ என்று தர்க்கம் பேசினால் அறைதான் விழும். விழ வேண்டியதுதான்.

கே: கூட்டுக்களவாணி அப்ரூவர் ஆனால் அவன் பேச்சைக் கோர்ட் நம்புவது அக்கிரமம் இல்லையா?
– கிரைம் செய்தி வாசகர், கடலூர்

ப: கோர்ட் உங்களைவிட உஷார். 1872-ம் வருஷத்து சாட்சியச் சட்டம், கூட்டாளியும் சாட்சி சொல்லத் தகுதியானவன் என்றது. முக்கிய விவரங்களில் வேறு ஆதாரம் துணைக்கு வராவிட்டால் அவனை நம்பத்தகாதவனாகக் கருதலாம் என்றும் அதே மூச்சில் சொன்னது. திருடன் சொல்கிறான் என்று காதைப் பொத்தவும் இல்லை. சொல்லிவிட்டான் என்று கண்ணை மூடவும் இல்லை. திருடர்கள் ராத்திரியில், அர்ச்சகரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டா போவார்கள்?

கே: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் சொல்வதையெல்லாம் நீங்கள் கடைப்பிடிக்கிறீர்களா?
– நேர்மை விரும்பி, காஞ்சிபுரம்

ப: இல்லை. அடுத்த கேள்வி.

கே: ஹெல்மெட் போடாமல் பைக்கில் வந்த போலீஸ்காரர், ஹெல்மெட் போடவில்லை என்று எனக்கு ஃபைன் போட்டார். இது செல்லுமா?
– ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்து ஓட்டுபவர்

ப: கொதிக்காதீர்கள், சட்டம் உங்களுக்கு ஒரு இனிப்பு வைத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 210-பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் உள்ளவரே அதை மீறினால் அபராதம் இரட்டிப்பு. உங்களுக்கு 1,000 என்றால் அவருக்கு 2,000. வண்டி நம்பர் தெரியும்படி படம் எடுத்து மேலதிகாரிக்கு அனுப்புங்கள்.

அவர் கட்டும் 2,000-த்தில் உங்கள் 1,000 கழியுமா என்று அடுத்த வாரம் எழுதிக் கேட்க வேண்டாம். இ-சலான் மெசேஜ் இந்நேரம் வந்திருக்கும், பாருங்கள்.