கிட்டாருக்கு இ-பாஸ் தேவையில்லை

கே: தோளில் பயணக் கிட்டார், துணைக்கு யாரும் இல்லை. நீலகிரிக் காட்டில் நாலு நாள் நடக்க ஆசை. முடியுமா? (திருப்பூர் வாசகர்)

ப: ஊட்டி வரைக்கும் முடியும். 2024 மே முதல் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், கிட்டாருக்கு வேண்டாம். காப்புக்காடு தொடங்கும் இடத்தில்தான் உங்கள் 'துணைக்கு யாரும் இல்லை' முடிவுக்கு வரும். அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைத்தால் வனத்துறை அபராதம் போடும். கலைஞன் என்று சொன்னால் ரசீதில் தள்ளுபடி கிடையாது.

எரிச்சல் வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காட்டுத்தீயில் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று நமக்கு விதிகளே வந்தன. 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று மாநிலம் முழுக்க 40 பாதைகளைத் திறந்தது. கோத்தகிரி லாங்வுட் சோலை, அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா, பார்சன்ஸ் வேலி என்று நீலகிரிக்கும் நல்ல பங்கு உண்டு. இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டி கூடவே வருவார். தனிமையை அவருக்கு முன்னால் பத்தடி நடந்து அனுபவித்துக்கொள்ளலாம். வேண்டாம், பின்னால் நடங்கள். வழி தெரிந்தவர் அவர்.

கே: 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் யாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நீலகிரிக்குப் போனார்? (கோவை வாசகி)

ப: கலெக்டரே அவர்தானே! ஆனால் அவர் தனியாகப் போகவில்லை. ஆள், அம்பு, சுமைகளோடு போனார். கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இன்று நினைவகம். அவருக்கு இருநூறு வருஷம் முன்பே, 1603-ல், ஃபெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் மேற்குப் பக்கமாக ஏறி வந்துவிட்டார். தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் எல்லாரும் அங்கே வாழ்ந்துகொண்டிருந்த மலையைத்தான் நம் பாடப்புத்தகங்கள் சல்லிவன் 'கண்டுபிடித்தார்' என்கின்றன.

கே: தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை எதிரே வந்தால் என்ன பாட்டு வாசிக்கலாம்? (சேலம் வாசகர்)

ப: அது கேட்பது பாட்டை அல்ல, வழியை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் காட்டெருமை அன்றாடக் காட்சி. அது மேய்ந்த புல்வெளிகளில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தேயிலையும் யூகலிப்டஸும் வாட்டிலும் நட்டு வைத்தோம். இப்போது "ஊருக்குள் வருகிறது" என்று மனுக் கொடுக்கிறோம். அதன் தரப்பு மனுவை வாங்க ஆளில்லை.

வளர்ந்த கடா ஒரு டன் வரை எடை போகும். அது செடிகளுக்கு நடுவே படுத்திருந்தால் பாதையில் இருக்கும் உங்களுக்குத் தெரியாது. அதற்கு நீங்கள் தெரிவீர்கள். கொழுந்து பறிப்பவர்களைக் கவனியுங்கள். தூரத்திலேயே பார்த்துவிட்டு, அந்த நிரையை அதற்கு விட்டுவிட்டு வேறு நிரைக்குப் போய்விடுவார்கள். காட்டெருமை தலையைத் தாழ்த்தி மூச்சுச் சீறினால் மெல்லப் பின்வாங்குங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகவே கூடாது. செல்ஃபி எடுக்க நினைத்தால், வீட்டில் மாட்ட நல்ல படம் வேறு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.

கே: சத்தம் கேட்டால் கரடி விலகும் என்கிறார்களே. அப்படியானால் கிட்டார் ஒரு தற்காப்பு ஆயுதம்தானே? (ஈரோடு வாசகர்)

ப: பாதி உண்மை. கரடிக்குக் கண் மந்தம். கரையான் புற்றில் மூக்கை விட்டு உறிஞ்சும் மும்முரத்தில் ஆள் வருவதை அது கவனிக்காது. திடீரென்று முன்னால் நின்றால் மிரண்டு பாயும். அதனால் வளைவுகளில் பேசிக்கொண்டே நடப்பது நல்லதுதான். அதற்கு வாய் போதும், ஆறு தந்தி வேண்டியதில்லை.

நீலகிரிக் கரடிக்கு இசையைவிட எண்ணெய் பிடிக்கும். கோயிலுக்குள் புகுந்து விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போன கரடிகளைப் பற்றி அடிக்கடி செய்தி வரும். பயப்பட வேண்டியது மலைத்தேனீக்கும்தான். 2025 ஏப்ரலில் கூடலூர் ஊசிமலையில், கேரளத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் தேனீக்கள் கொட்டி இறந்தார். பாறையில் அடை தொங்கினால் கூச்சல், புகை, சென்ட் மூன்றும் ஆகாது.

கே: விடியற்காலை சோலைக்குள் யாரோ சீட்டி அடித்தார்கள். போய்ப் பார்த்தால் ஆளே இல்லை. பேயா? (மதுரை வாசகி)

ப: சீகாரப் பூங்குருவி. கருநீல உடம்பு, நெற்றியிலும் தோளிலும் பளிச்சென்று நீலம். ஓடையோரத்துப் பறவை; நீரின் இரைச்சலைத் தாண்டி அதன் குரல் கணீரென்று கேட்கும். பாட்டை மறந்துவிட்ட பையன் சீட்டி அடிப்பது மாதிரி மெட்டு எங்கெங்கோ அலைந்து திரும்பும். அதனால்தான் வெள்ளைக்காரர்கள் 'சீட்டியடிக்கும் பள்ளிச் சிறுவன்' என்று பேர் வைத்தார்கள். கூட்டமாகக் கெக்கலி கேட்டால் அது நீலகிரிச் சிரிப்பான். உங்கள் கிட்டார் வாசிப்புக்கான விமர்சனமாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை.

கே: சினிமாவில் கதாநாயகன் தனியாக மலையில் கிட்டார் வாசிக்கிறானே? (சென்னை வாசகர்)

ப: கேமராவுக்கு இந்தப் பக்கம் நூறு பேரும் ஒரு டிபன் வண்டியும் நிற்கிறார்கள்.

கே: மலைக் குளிர் கிட்டாருக்கு ஒத்துக்கொள்ளுமா? (தஞ்சை வாசகர்)

ப: ஈரத்தில் மரம் உப்பும், சுருதி நிற்காது. மழைக்காலம் என்றால் யோசியுங்கள்: 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. உங்கள் கிட்டாரின் விரல்பலகை ஈட்டி மரமா என்று பாருங்கள். உலகெங்கும் கிட்டார் செய்பவர்கள் நம் ஈட்டியைத் தேடி வாங்குகிறார்கள். கூடலூர்ப் பக்கம் அந்த மரம் இன்றும் நிற்கிறது. அந்த வகையில் நீலகிரி உங்கள் கிட்டாருக்கு மாமன் வீடு.

கே: முடிவாக, மலையில் இசையே கூடாது என்கிறீர்கள்? (நெல்லை வாசகி)

ப: நான் எங்கே சொன்னேன்? ஏழு ஊர்க் கோத்தர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த மலையின் இசைக்காரர்கள். நாகஸ்வரத்தின் உறவான ஊதுகுழல், வளைந்த கொம்பு, தோல் மேளங்கள் என்று ஒரு முழு மேளக்கட்டே அவர்களிடம் உண்டு. தோடர், படகர் வீட்டுச் சாவுக்கும் அந்தக் காலத்தில் அவர்கள்தான் வாசித்தார்கள். ரிச்சர்ட் உல்ஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்த இசையைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். ஆனால் அதெல்லாம் ஊருக்குள், கேட்பவர்கள் சூழ நடப்பது. நீங்களும் விடுதித் திண்ணையில் வாசியுங்கள், பக்கத்து அறைக்காரர் சம்மதித்தால். நடக்கப் போகும்போது கிட்டாரை அறையில் பூட்டிவிட்டுப் போங்கள். பிப்ரவரி நடுவில் தீக்காலம் என்று பாதைகளை மூடுவார்கள். அதற்குள் பதிவு செய்துகொள்ளுங்கள்.