அகல டயரா, ஒல்லி டயரா?

கேள்வி: புது ஜிம்னி வாங்கியிருக்கிறேன். டயர் ஒல்லியாக இருக்கிறது என்கிறார்கள் நண்பர்கள். அகல டயர் மாட்டினால் காட்டு வழியில் நன்றாகப் போகுமா?

பதில்: தெருமுனையில் நிற்கும்போது அகல டயருக்குத்தான் அழகு. சேறு அழகு பார்க்காது! இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் டயர் அகலமே 6 அங்குலம்தான். உங்கள் ஜிம்னியின் 195/80 ஆர்15 அதைவிடப் பருத்தது.

மேலே சேறு, அடியில் கெட்டித் தரை என்றால் ஒல்லி டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு போய் அடித்தரையைப் பிடிக்கும். அகல டயர் மேலேயே வழுக்கும். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலில் கதை வேறு. அங்கே பிடிக்க அடித்தரை இல்லை, மிதந்துதான் போக வேண்டும். அதற்கும் உடனே கடைக்கு ஓடாதீர்கள். வண்டியின் எடையைப் பெரும்பாலும் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்று. அதைக் குறைத்தால் தரையில் படும் பரப்பு கூடும்; அகலத்தைவிட நீளவாக்கில்தான் அதிகம் கூடும். மணலில் 16, 18 பிஎஸ்ஐ வரை இறக்கிப் பாருங்கள், ஒல்லி டயரும் மிதக்கும். அப்போது வேகமும் வேண்டாம், வெடுக்கென்ற திருப்பமும் வேண்டாம். டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் ரோடு ஏறுமுன் மறுபடி காற்றடித்துவிடுங்கள்.

அகல டயர் மைலேஜையும் தின்னும், முழுக்கத் திருப்பினால் உரசவும் கூடும். அதே அளவில் நல்ல ஆல்-டெரெய்ன் டயர் போடுங்கள். மிச்சப் பணத்தில் ஒரு பிரஷர் கேஜும் கையடக்கக் கம்ப்ரசரும் வாங்கிக்கொள்ளுங்கள்.