கோல் பஞ்சம்

கே: இரண்டு அணிகளுமே கோல் அடிக்கத் திணறுகின்றன. அப்படியொரு ஆட்டத்தை மெனக்கெட்டுப் பார்ப்பானேன்?

ப: பணக்கார வீட்டில் பத்து ரூபாய் தொலைந்தால் யாரும் தேடுவதில்லை, பஞ்சம் பிடித்த வீட்டில் அதற்கே அடிதடி! 2022 டிசம்பர் 26, இங்கிலாந்துக் கால்பந்து அணிகளான எவர்ட்டனும் வுல்வ்ஸும் மோதின. அதுவரை தலா 15 லீக் ஆட்டங்களில் எவர்ட்டன் அடித்தது 11 கோல், வுல்வ்ஸ் வெறும் 8. கோலே விழாது என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் 7-வது நிமிடமே கார்னர் பந்தைத் தலையால் முட்டினார் எவர்ட்டனின் யெரி மினா. வுல்வ்ஸின் பொடென்ஸ் சமன் செய்தார். 95-வது நிமிடத்தில் அயித்-நூரி அடிக்க, வுல்வ்ஸ் 2-1!

அடுத்த மே மாதம் மறு ஆட்டம். வுல்வ்ஸ் முந்தியிருக்க, 99-வது நிமிடத்தில் அதே மினா கோல் வாசலில் பந்தைத் தட்டிவிட்டார், 1-1. தடுப்பாட்டக்காரர் சார் அவர்! அந்த சீசனில் எவர்ட்டன் கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பியது இரண்டே புள்ளியில்.

முன்கள வீரர்கள் அடிக்காத அணிக்கு கார்னரும் ஃப்ரீ கிக்கும்தான் சோறு போடும். அப்போது பின்னாலிருந்து ஓடிவரும் நெட்டையர்களைக் கவனியுங்கள். கடைசி விசில் ஊதும்வரை எழுந்துவிடாதீர்கள்.